ஆன்டிலோப் கேன்யன் ஒருநாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வடக்கு எல்லையோரம், பேஜ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகலான பாறைப் பள்ளத்தாக்கு. மேலிருந்து பார்த்தால் பாலைநிலத்தில் விழுந்த ஒரு கீறல்தான். உள்ளே போனால் ஆரஞ்சு, செம்மண், ஊதா என்று நிறம் மாறிக்கொண்டே அலையலையாக வளைந்து எழும் பாறைச்சுவர்கள். இந்தப் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்: கடிகாரத்தைத் தப்பாகப் பார்ப்பது, வானத்தைப் பார்க்கவே பார்க்காதது. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இரண்டையும் பற்றியவையே.

வழிகாட்டி இல்லாமல் நாமே போய்ப் பார்க்க முடியாதா?

முடியாது. கேன்யன் இருப்பது நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலத்தில். 1997 முதல் அது நவஹோ பழங்குடிப் பூங்கா. நவஹோ நிர்வாகத்தின் அனுமதி பெற்ற சுற்றுலா நிறுவனத்தின் வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் இங்கே செல்லாது. இது தேசியப் பூங்காவே அல்ல.

இந்த விதியைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். கேன்யனுக்கு உள்ளே நிற்பவருக்கு வானம் ஒரு நூல் போலத்தான் தெரியும். மழை எங்கே பெய்கிறது என்று அங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. வெளியே நிலவரத்தைக் கவனிப்பவர்களோடு தொடர்பில் இருக்கும் வழிகாட்டிதான் உங்களுக்குக் கண்.

அப்பர் (மேல்), லோயர் (கீழ்) என்று இரண்டு சொல்கிறார்களே, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே ஓடை அறுத்த இரண்டு தனித்தனிப் பகுதிகள் இவை. நுழைவாயில் வேறு, நடத்தும் நிறுவனங்கள் வேறு, டிக்கெட் வேறு. அப்பர் கேன்யனை நவஹோ மொழியில் ‘பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம்’ என்கிறார்கள். லோயருக்கு ‘சுருள் பாறை வளைவுகள்’ என்று பெயர்.

அப்பர் தரைமட்டத்திலேயே தொடங்குகிறது. புறப்படும் இடத்திலிருந்து வண்டியில் மணல் ஓடை வழியாக அழைத்துப்போய் வாசலில் இறக்குவார்கள். உள்ளே சமமான மணல் தரை. சுவர்கள் ஏறத்தாழ 120 அடி உயரம். அடியில் அகலமாகவும் உச்சியில் குறுகலாகவும் கூடாரம் போல இருக்கும். உச்சித் திறப்பு சிறியது என்பதால்தான் ஒளி கற்றையாக விழுகிறது. புகைப்படங்களில் பார்க்கும் அந்த ஒளித்தூண்கள் இங்கே எடுக்கப்பட்டவை.

லோயர் இதைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவம். மேலே அகலம், கீழே குறுகல். செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். சில இடங்களில் ஒரு பாதத்துக்குப் பின்னால் இன்னொன்று வைக்கும் அளவுக்கே தரை இருக்கும். வெளிச்சம் அதிகம், நடை நீளம், சுவர்களின் வளைவுகள் இன்னும் நுட்பமானவை. விலையும் பொதுவாகக் குறைவு.

எங்கள் கருத்து இது: ஒளித்தூணைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அப்பர், அதுவும் நடுப்பகல். பாறையின் வடிவத்தை ரசிக்க வேண்டும் என்றால், முழங்காலும் ஒத்துழைத்தால், லோயர். பெயர் அதிகம் கேள்விப்பட்டது என்பதற்காக மட்டும் அப்பருக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பேருந்துப் பயணமாகப் பதிவு செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரத்தில் ‘ஆன்டிலோப் கேன்யன்’ என்று மட்டும் இருக்கும். அது அப்பரா, லோயரா, பக்கத்தில் உள்ள வேறு இடுக்கா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒளித்தூண் எப்போது தெரியும்?

ஏறத்தாழ மார்ச் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 1.30-க்கும் இடையில், மேகம் இல்லாத நாளில்.

காரணம் எளிது. ஜூன் கடைசியில் பேஜில் சூரியன் நடுப்பகலில் ஏறத்தாழ 76 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு நேரே நிற்கும். டிசம்பரில் அதே நேரத்தில் 30 பாகைதான். அவ்வளவு சாய்ந்த கதிர் 120 அடி ஆழத்துக்கு இறங்காது, மேல் சுவரிலேயே பட்டு நின்றுவிடும். இன்னொன்று: அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சரியாக 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12.30-க்கு. அதனால் 11 மணி டிக்கெட்டுக்கும் 12 மணி டிக்கெட்டுக்கும் இடையே தேர்வு இருந்தால் 12-ஐ எடுங்கள்.

தூண் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. ஒரு திறப்பின் வழியாகச் சில நிமிடம் விழுந்து மறைந்துவிடும். காற்றில் தூசி இருந்தால்தான் அது கண்ணுக்கே தெரியும். வழிகாட்டிகள் சில நேரம் ஒரு பிடி மணலை வீசுவது அதற்காகத்தான்.

ஒளித்தூண் இல்லாத குளிர்கால நாள் வீணான நாள் என்று எண்ணிவிடாதீர்கள். சுவரிலிருந்து சுவருக்குப் பட்டுத் தெறிக்கும் மென்மையான ஒளியில் நிறங்கள் இன்னும் ஆழமாக இருக்கும், கூட்டமும் குறைவு.

எவ்வளவு முன்னால் பதிவு செய்ய வேண்டும்? செலவு எவ்வளவு?

கோடையில் அப்பர் கேன்யனின் நடுப்பகல் நேரம் வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே எடுத்துவிடுங்கள். லோயருக்கும் குளிர்காலத்துக்கும் அவ்வளவு நெருக்கடி கிடையாது. நேரில் போய் டிக்கெட் கேட்கலாம் என்ற நம்பிக்கையில் 400 கிலோமீட்டர் வண்டி ஓட்டாதீர்கள்.

விலை நிறுவனத்துக்கு நிறுவனம், நேரத்துக்கு நேரம் மாறும். அப்பரில் நடுப்பகல் டிக்கெட் சில நிறுவனங்களில் 100 டாலரைத் தாண்டும். விலையை ஒப்பிடும்போது மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்: நவஹோ பூங்கா நுழைவுக் கட்டணம் உள்ளடங்கியதா தனியா, வரி, பதிவுக் கட்டணம். மலிவாகத் தெரிகிற டிக்கெட் இந்த மூன்றையும் கூட்டியதும் அப்படி இருக்காது. வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். டிக்கெட் விலையில் 15 முதல் 20 சதவீதம் வரை கொடுக்கிறார்கள். ரொக்கமாக வைத்திருங்கள்.

கடிகாரக் குழப்பம் என்கிறார்களே, அது என்ன?

இதைப் பொறுமையாகப் படியுங்கள். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயணத்தைக் கோட்டைவிடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

அமெரிக்காவின் பெரும்பகுதி மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறது. அரிசோனா மாநிலம் அப்படிச் செய்வதில்லை. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் செய்கிறது. வடக்கே உள்ள யூட்டா மாநிலமும் செய்கிறது. பேஜ் இந்த மூன்றும் உரசும் இடத்தில் இருக்கிறது. கேன்யன் நவஹோ நிலத்தில் இருந்தாலும், சுற்றுலாக்கள் நடப்பது அரிசோனா நேரப்படி.

நடைமுறையில் இப்படி வரும். கோடையில் லாஸ் வேகஸும் பேஜும் ஒரே நேரம், குழப்பமில்லை. குளிர்காலத்தில் லாஸ் வேகஸ் ஒரு மணி பின்தங்கியிருக்கும். அங்கே காலை 6 என்றால் பேஜில் 7. வழியில் ஒரு மணி நேரம் காணாமல் போவதால், காலதாமதம் ஆவது பெரும்பாலும் இந்தப் பயணிகளுக்குத்தான். கோடையில், நவஹோ நிலத்திலேயே இருக்கும் மான்யுமென்ட் வேலி அல்லது யூட்டா பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் பேஜிலிருந்து அந்தப் பக்கம் போகும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். அன்று மாலை மான்யுமென்ட் வேலியில் வேறு பதிவு வைத்திருந்தால் கணக்கில் கொள்ளுங்கள்.

கைபேசியை நம்ப வேண்டாம். பேஜில் அது எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் தாவும். தானியங்கி நேர அமைப்பை அணைத்துவிட்டு, நேர மண்டலத்தைக் கையால் அரிசோனாவின் தலைநகரான ‘ஃபீனிக்ஸ்’ என்று வைத்துவிடுங்கள். அலாரமும் அதன்படியே அடிக்கும்.

தாமதமாகப் போனால் அடுத்த குழுவில் சேர்ப்பார்களா?

இடம் இருந்தால் சேர்க்கலாம். கோடையில் இடம் இருக்காது. பணமும் பொதுவாகத் திரும்பாது. டிக்கெட்டில் உள்ள நேரம் குழு புறப்படும் நேரமா, வந்து பதிய வேண்டிய நேரமா என்று பாருங்கள். புறப்படும் நேரம் என்றால் குறைந்தது 30 நிமிடம் முன்னால் போய்ச் சேருங்கள், சில நிறுவனங்கள் அதற்கும் முன்னதாக வரச்சொல்லும். பதிவு செய்தவரின் புகைப்பட அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

லாஸ் வேகஸிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும், நீண்ட நாளாக இருக்கும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 280 மைல், நான்கரை மணி நேரம். போக வர ஒன்பது மணி நேரம் சாலையிலேயே கழியும். சொந்தமாக ஓட்டுவதாக இருந்தால் இருட்டில் திரும்புவதைத் தவிர்க்கப் பாருங்கள். யூட்டா வழியாக வரும் சாலையில் கனாப் என்ற ஊரைச் சுற்றிய பகுதியில் மான்கள் குறுக்கே வருவது சகஜம். ஓட்டுநர் ஒருவர்தான் என்றால் பேருந்துப் பயணமே மேல்.

ஃபீனிக்ஸிலிருந்தும் தூரம் ஏறத்தாழ இதேதான். ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து 135 மைல், இரண்டேகால் மணி நேரம். ஒருநாள் பயணத்துக்கு மிக வசதியான தொடக்க ஊர் அதுதான். எங்கிருந்து கிளம்பினாலும் முந்தைய இரவு பேஜில் தங்க முடிந்தால் தங்குங்கள்.

வெள்ளம் வரும் என்கிறார்கள். எவ்வளவு ஆபத்து?

கேன்யனை உருவாக்கியதே வெள்ளம்தான். ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகிப் பாறையானவை இந்தச் சுவர்கள். அந்தப் பாறையில் இருந்த விரிசல்களில் மழைநீர் மணலை அள்ளிக்கொண்டு பாயும்போது, அந்த மணலே அரமாகி அறுத்துக்கொண்டு போகிறது. அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும் உள்ளே தரை சற்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று லோயர் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். அன்று கேன்யன் இருந்த இடத்தில் மழை மிகக் குறைவு. 11 கிலோமீட்டர் தள்ளி மேற்பகுதியில் கொட்டிய இடிமழைதான் ஓடையில் இறங்கி வந்தது. பாலைநிலத்தின் பாறையும் இறுகிய தரையும் நீரை உறிஞ்சாது. பரந்த பரப்பில் விழுந்ததெல்லாம் ஒரு சில அடி அகலமுள்ள இடுக்கில் சேர்ந்தால் நீர்மட்டம் நிமிடங்களில் பல அடி ஏறிவிடும். அப்போது அங்கே இருந்த மர ஏணிகளையும் வெள்ளம் அடித்துச்சென்றது.

அதன் பிறகுதான் பாறையில் திருகிப் பொருத்திய இரும்புப் படிகள், மேலிருந்து கீழே விடக்கூடிய வலைகள், வானிலை வானொலி, எச்சரிக்கை ஒலிப்பான் எல்லாம் வந்தன. சந்தேகம் என்றாலே மூடிவிடுகிறார்கள். 2006 அக்டோபரில் 36 மணி நேரம் ஓடிய வெள்ளத்துக்குப் பின் லோயர் ஐந்து மாதம் மூடியிருந்தது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் கட்டும் என்பதால் அந்த மாதங்களில் காலை நேரம் ஓரளவு பாதுகாப்பானது. வழிகாட்டி ‘திரும்புங்கள்’ என்றால் கையில் இருக்கும் படத்தை எடுத்து முடிக்கக்கூட நிற்காதீர்கள். தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பது எதற்கும் ஆதாரமல்ல.

அப்படி மூடிவிட்டால் பணம் திரும்புமா?

நிறுவனமே ரத்து செய்தால் பொதுவாகப் பணத்தைத் தருவார்கள் அல்லது வேறு நேரம் தருவார்கள். மேகமூட்டத்தால் ஒளித்தூண் தெரியவில்லை என்பதற்குக் கிடைக்காது. இடையில் வேறு இணையதளம் மூலம் எடுத்திருந்தால் அவர்களுடைய விதி தனி; முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள்.

என்ன கொண்டுபோகலாம், என்ன கூடாது?

பை எதுவும் கூடாது. முதுகுப்பை மட்டுமல்ல, கைப்பை, இடுப்புப்பை, கேமரா பை எல்லாமே சேர்த்துத்தான். குறுகிய இடத்தில் பை சுவரில் உரசிக்கொண்டே போகும், மணற்பாறை உரசினால் உதிரும். ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக், ட்ரோன் இவற்றுக்கும் தடை. பெரும்பாலான சுற்றுலாக்களில் வீடியோவும் எடுக்கக் கூடாது. நவஹோ நிலம் முழுவதிலும் மதுவுக்குத் தடை உண்டு. வண்டியில் வைத்திருப்பதும் தவறு.

கொண்டுபோக வேண்டியவை: தண்ணீர் புட்டி ஒன்று, கைபேசி அல்லது கேமரா, பாக்கெட்டில் அடங்கும் மருந்து. ஆஸ்துமா இன்ஹேலரோ அவசர ஊசியோ தேவைப்படுபவர் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

காலணி மூடியதாக இருக்கட்டும். செருப்பில் மணல் புகுந்து படியில் வழுக்கும். மேலே காற்றடித்தால் கீழே நிற்பவர் தலையில் மணல் தூறும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அன்று கண்ணாடிக்கு மாறுங்கள். தூசி ஒவ்வாதவர்களுக்கு முகக்கவசம் உதவும். கோடையில் பேஜில் 37 டிகிரி செல்சியஸ் வரை போகும், உள்ளே அதைவிடக் குளிர்ச்சி. குளிர்காலக் காலையில் நல்ல கம்பளிச் சட்டையே வேண்டும்.

கழிப்பறை உள்ளே கிடையாது. புறப்படும் இடத்தில் இருக்கும், போய்விட்டே கிளம்புங்கள்.

குழந்தைகள், முதியவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள்?

லோயரின் படிகள் செங்குத்து. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, சில இடங்களில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி, இடுப்பு அறுவை சிகிச்சை, உயர பயம், மூடிய இடப் பயம் இதில் எது இருந்தாலும் லோயர் வேண்டாம்.

அப்பர் எளிது என்று பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும். உள்ளே நடப்பது எளிதுதான். ஆனால் இப்போது பாதை ஒருவழி: ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறி, பாறையின் வெளிப்புறமாகப் படியும் சரிவுப்பாதையும் ஏறி இறங்கித் திரும்ப வேண்டும், அதுவும் வெயிலில். சக்கர நாற்காலியில் போக முடியாது. ஊன்றுகோலோடு நடப்பவர்கள் பதிவுக்கு முன் நிறுவனத்தைத் தொலைபேசியில் கேளுங்கள்.

தள்ளுவண்டி இரண்டிலும் கூடாது. கைக்குழந்தையை முன்பக்கத் தூளியில் கட்டிக்கொள்ளலாம். முதுகில் மாட்டும் சட்டகத் தூக்கி பாறையில் இடிக்கும் என்பதால் அனுமதிப்பதில்லை. அப்பருக்கு வண்டியில் போவதால் சிறு குழந்தைகளுக்குக் கார் இருக்கை கேட்பார்கள். அரிசோனா சட்டப்படி 8 வயதுக்குக் குறைந்த, 4 அடி 9 அங்குலத்துக்குக் குட்டையான குழந்தைகளுக்கு அது கட்டாயம். உங்கள் வாடகைக் காரில் உள்ளதையே எடுத்துப்போகலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசியிலேயே நல்ல படம் வருமா?

நன்றாகவே வரும், நான்கு விஷயங்களைக் கவனித்தால்.

வானத்தைப் படத்துக்குள் விடாதீர்கள். உச்சித் திறப்பு பளீரென்று இருக்கும், கேமரா அதற்கு ஏற்ப எல்லாவற்றையும் இருட்டாக்கும் அல்லது வானம் வெள்ளைத் திட்டாகிவிடும். சுவரின் வெளிச்சமான பகுதியைத் திரையில் தொட்டு, பிரகாசத்தைச் சற்றுக் கீழே இறக்குங்கள். ஃபிளாஷை அணையுங்கள். அது பாறையைத் தட்டையாக்குவதோடு பக்கத்தில் இருப்பவர் படத்தையும் கெடுக்கும். கடைசியாக, வெள்ளைச் சமநிலை. தானியங்கியில் விட்டால் கேமரா அந்த ஆரஞ்சைத் ‘தவறு’ என்று எண்ணித் திருத்தி வெளிறவைக்கும். ‘மேகமூட்டம்’ என்ற அமைப்பில் வைத்தால் நிறம் நிற்கும். ஊதா நிறம் எங்கிருந்து வருகிறது என்று பலரும் கேட்கிறார்கள்: வெயில் பட்ட பாறையிலிருந்து தெறிக்கும் ஒளி ஆரஞ்சு, நேரடி வெயில் எட்டாத மூலைகளுக்கு நீல வானத்தின் ஒளி மட்டும் இறங்குகிறது. இரண்டும் கலக்கும் இடம் ஊதா.

கேமரா கொண்டுபோகிறவர்கள் 16–35 மில்லிமீட்டர் போன்ற அகல லென்ஸை வெளியிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். உள்ளே லென்ஸ் மாற்றினால் உணரியில் மணல் ஏறும். ட்ரைபாட் இல்லாததால் ஐ.எஸ்.ஓ. 800 முதல் 1600 வரை ஏற்றத் தயங்காதீர்கள்.

குழு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நின்று எடுக்க முடியாது. அதனால் நாலு படம் குறைந்தாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரமாவது கைபேசியை இறக்கிவிட்டு அண்ணாந்து பாருங்கள்.

அதே நாளில் வேறு எதைச் சேர்க்கலாம்?

ஹார்ஸ்ஷூ பெண்ட். கொலராடோ ஆறு குதிரை லாடம் போல வளையும் இடம், பேஜிலிருந்து சில நிமிடத் தூரம். வாகன நிறுத்தக் கட்டணம் தனி. ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடை, நிழல் மிகக் குறைவு. பார்வையிடத்தின் ஒரு பகுதியில்தான் தடுப்புக் கம்பி உண்டு, மற்ற இடங்களில் விளிம்பிலிருந்து கீழே ஏறத்தாழ 1,000 அடி. குழந்தைகளின் கையை விடாதீர்கள். கேன்யனை நடுப்பகலிலும் இதைக் காலையிலும் வைத்துக்கொண்டால் வெயிலிலிருந்து தப்பலாம்.

நேரம் மிச்சமிருந்தால் 710 அடி உயரமுள்ள க்ளென் கேன்யன் அணையை ஒரு எட்டுப் பார்க்கலாம். அப்பர், லோயர் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதும் சாத்தியமே. இடையில் குறைந்தது இரண்டரை மணி நேரம் விட்டுப் பதிவு செய்யுங்கள். கிராண்ட் கேன்யனையும் இதே நாளில் திணிக்க வேண்டாம். தெற்கு விளிம்பு இரண்டரை மணி நேரத் தூரம். இரண்டையும் அவசரமாகத்தான் பார்ப்பீர்கள்.

டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. வேறு வழி?

முதலில் வெவ்வேறு நிறுவனங்களின் தளங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் தீர்ந்தது இன்னொன்றில் இருக்கும். பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு ரத்தாகும் இடங்களும் திறக்கும், அதிகாலை, மாலை நேரங்களில் குறிப்பாக.

அதுவும் இல்லையென்றால் அதே ஓடை அறுத்த கேன்யன் எக்ஸ் இருக்கிறது. அங்கேயும் நவஹோ வழிகாட்டியோடுதான் போக வேண்டும், கூட்டம் குறைவு. மூன்றாவது வழி, க்ளென் கேன்யன் அணை தேக்கிய லேக் பவல் ஏரியிலிருந்து கயாக் படகில் கேன்யனின் நீர் நிறைந்த முனைக்குள் துடுப்புப் போட்டுப் போவது. இதற்கு ஏரி அமைந்த க்ளென் கேன்யன் பூங்காவின் நுழைவுக் கட்டணம் தனியாக உண்டு. எவ்வளவு தூரம் படகில் போகலாம், எங்கே இறங்கி நடக்கலாம் என்பது அந்தப் பருவத்து நீர்மட்டத்தைப் பொறுத்தது. பிற்பகலில் ஏரியில் காற்று கிளம்பும், திரும்பும் வழியில் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டே கை ஓய்ந்துவிடும். விடிந்ததும் கிளம்பி முற்பகலுக்குள் கரையேறிவிடுங்கள்.